நனைந்த விறகின் கணக்கு

கலகெதரப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்துக்கு எடை போட்டுக்கொண்டிருந்த சுந்தரியின் கைக்கு, இரண்டு வருடத்துக்கு முன் விறகுக் கணக்குக் கொப்பி வந்தது. புரட்டிப் பார்த்தவள் வாய்விட்டுச் சிரித்தாள். ஒரு கிலோ தேயிலைத் தூள் காயவைக்க எவ்வளவு விறகு எரிகிறது என்று கம்பனி வருடாவருடம் சுற்றாடல் அறிக்கையில் போடும். அதுவரை கொப்பி எழுதிய பழைய கிளாக்கரோ விறகைத் தராசில் ஏற்றியதே இல்லை. போன வருடக் கணக்கில் கொஞ்சம் கழிப்பார், பக்கத்தில் "சிக்கனம்" என்று எழுதுவார். ஒன்பது வருடம் கழித்துக் கழித்து, கொப்பியில் மிஞ்சிய விறகில் தூள் காய்வது இருக்கட்டும், ஒரு கேத்தல் தண்ணீர்கூடக் கொதிக்காது!

சுந்தரி விடுவாளா? மூன்று மாதம் வந்த லோடையெல்லாம் எடை போட்டாள். கொப்பியில் இருந்ததைப் போல் இரண்டு மடங்கு வந்தது.

மனேஜர் ஸாகிக்கு முகம் செத்துவிட்டது. "யா அல்லாஹ், என்ன வேல செஞ்சீங்க சுந்தரி! இத பார்த்தா வெளிநாட்டுக்காரன் தேயில வாங்குறத நிப்பாட்டிருவான். ஏற்கெனவே நட்டத்துல ஈக்கிற பெக்டரி. பழைய நம்பரையே போடுங்க."

அவளுக்கும் அந்தப் பயம் இருந்தது. தொழிற்சாலை மூடினால் பேராதனைக் கெம்பஸில் படிக்கும் மகள் லோஜினியின் கதி? ஆனால் அந்த மூன்று மாதத்தில் இன்னொன்றையும் அவள் பார்த்திருந்தாள். விறகு வெட்டவெளியில் மழையில் ஊறிக் கிடந்தது. ஈரம் போகவே பாதி விறகு எரிந்தது.

"நம்பர மறைச்சா காரணமும் மறைஞ்சிரும் சேர். ஈர விறகுன்னு எழுதுவோம். கூரை போடப்போறோம்னும் எழுதுவோம். கேட்டா நான் பதில் சொல்றேன்."

ஸாகி இரண்டு நாள் அறிக்கையை மேசையிலேயே போட்டு வைத்தார். மூன்றாம் நாள் முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்து வைத்தார்.

வெளிநாட்டிலிருந்து பதில் வர ஆறு வாரம் ஆனது. கடைசியில் வாங்குபவர்கள் எழுதினார்கள்: இத்தனை வருடத்தில் நம்பக்கூடிய கணக்கு இதுதான், கூரையைப் போடுங்கள், தேயிலையை எடுக்கிறோம். அந்தக் கடிதத்தைப் பார்த்துக் கண்டியிலுள்ள வங்கியும் கூரைக்குக் கடன் கொடுத்தது. தகரம் ஏறியது, விறகு காய்ந்தது, விறகுச் செலவில் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. வருடக் கடைசியில் தொழிற்சாலை, அட, இலாபம் காட்டியது!

இந்த வருடம் விடாத மழை. கூரை இருந்தும் கணக்குச் சற்று ஏறிவிட்டது. சுந்தரி தயங்கித் தயங்கிக் கொப்பியை நீட்டினாள்.

"கூடிருச்சே," என்றார் ஸாகி.

"ஆமா சேர்."

"தராசுல போட்டுத்தானே எழுதினீங்க?"

"எல்லா லோடும் போட்டேன் சேர்."

"அப்ப அப்படியே போடுங்க," என்று தன் பேனாவையே எடுத்துக் கொடுத்தார்.