வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்

ஆரணியில் பட்டுப்புடவை விற்பவர்கள் எல்லோருக்கும் ஒரு வசனம் மனப்பாடம். வாங்க வருகிறவர்கள் நாற்பது புடவைகளைப் பிரிக்கச் சொல்லி, முந்தானையைத் தோளில் வைத்துப் பார்த்து, கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பி நின்று, கடைசியில் எழுந்து செருப்பைத் தேடும்போது சொல்வார்கள்: "வீட்ல கேட்டுட்டு வர்றோம்ங்க." வேண்டாம் என்பதை இதைவிட மரியாதையாகச் சொல்ல முடியாது. முகத்தைச் சுளிக்காமல் எல்லாவற்றையும் பழைய மடிப்பிலேயே மடித்து அடுக்க வேண்டும். முப்பது வருடமாக அடுக்கிக்கொண்டிருக்கிறேன். அந்த வசனத்தை நானே ஒருநாள் சொல்வேன் என்று நினைத்ததில்லை.

என் கடை என்பது வீட்டின் முன்னறை. பின்னால் ஒரு திரை, திரைக்கு அப்பால் சமையலறையும் படுக்கையறையும். மனைவி இருந்தவரை கடையில் பேச்செல்லாம் அவளுடையது, நான் பில் மட்டும் எழுதுவேன். அவள் தவறி இரண்டு வருடமாகிறது. மகள் வெளிநாட்டில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போனில் வருவாள், பாத்திரம் கழுவிக்கொண்டே பேசுவாள். முகூர்த்த மாதங்களில் கடையில் ஆள் இருக்கும். மற்ற மாதங்களில் நாள் முழுக்க என் குரலை நானே கேட்காமல் போவதுண்டு. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

கார்டு மெஷின் வாங்க வைத்தவர்கள் ஒரு கல்யாண வீட்டார். பெங்களூரிலிருந்து வேனில் வந்து பதினோரு புடவைகள் எடுத்தார்கள். மேசையில் ஒட்டியிருந்த க்யூஆர் அட்டைக்குப் பணம் அனுப்பினால், ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று போன் மறுத்துவிட்டது. கார்டை நீட்டினார்கள். தேய்க்க என்னிடம் ஒன்றுமில்லை. நான்கு புடவைகள் திரும்ப அலமாரிக்குப் போயின. அன்றே மூன்று கம்பெனிகளுக்குப் போன் செய்தேன்.

முதலில் வந்தவர் வாடகை, கமிஷன் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் ஒப்பித்துவிட்டுக் கால்மணி நேரத்தில் வாட்சைப் பார்த்தார். இரண்டாமவர் வண்டியைக்கூட அணைக்காமல் வாசலிலேயே ஒரு நோட்டீஸைக் கொடுத்துவிட்டுப் போனார். மூன்றாவதாக வந்தவள் தேசூர்ப் பக்கத்துப் பெண், முப்பது வயதிருக்கும். வந்தவாசியில் பஸ் மாறி, தோளில் கனத்த பையோடு வந்திருந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டுப் பாயிலேயே உட்கார்ந்து, மெஷினை என் கையில் கொடுத்தாள்.

"நீங்களே அமுக்கிப் பாருங்க சார். ஒண்ணும் ஆவாது. பில்லு, ஸ்டாக்கு எல்லாமே இதுல சேர்த்து வந்துடும். இந்தப் பொடவை எத்தினி பீஸ் இருக்குது?"

"ஒண்ணு."

"அந்தப் பச்சை?"

"அதுவும் ஒண்ணுதாம்மா. டிசைன் ஒண்ணா இருந்தாலும் கலர் மாறிடும்."

"அப்போ ஒவ்வொண்ணுக்கும் தனி நம்பர் போடணும். பேஜார் புடிச்ச வேலை சார் உங்களுது" என்று சிரித்தாள். சிரித்துவிட்டு, மாதிரிக்கு இருபது புடவைகளுக்குப் பொறுமையாக நம்பர் போட்டுக் காட்டினாள். நான் உள்ளே போய் இரண்டு டம்ளரில் டீ கொண்டுவந்தேன்.

அவளுடைய மெஷின்தான் என்று அன்றே முடிவு செய்துவிட்டேன். வாடகை கிடையாது, கமிஷனும் மற்ற இரண்டைவிடக் குறைவு. கையெழுத்துப் போட்டால் வேலை முடிந்துவிடும். முடிந்துவிடும் என்பதுதான் எனக்குச் சிக்கல். அவள் பையின் ஜிப்பை இழுத்தபோது என் வாயிலிருந்து தானாக வந்தது: "வீட்ல கேட்டுட்டு சொல்றேம்மா."

பட்டு வியாபாரியாக இருந்திருந்தால் அர்த்தம் புரிந்துகொண்டு போயிருப்பாள். அவளோ சொன்னதை அப்படியே நம்பினாள். "கேளுங்க சார். அம்மாவுக்கும் புடிக்கணும் இல்ல" என்று சொல்லிவிட்டு, அடுத்த வாரம் திரும்ப வந்தாள்.

அந்த ஒரு வாரம் நான் சந்தேகங்களைச் சேர்த்து வைத்திருந்தேன். கரண்ட் போனால் என்ன ஆகும், சிக்னல் இல்லையென்றால், புடவையைத் திருப்பிக் கொடுத்தால் பணம் எப்படிப் போகும். பாதிக்கு விடை எனக்கே தெரியும். அவள் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். நடுவில் தன் மகள் இடது கையால் எழுதுவதையும், சேவூரில் ஒரு கடைக்காரர் மெஷினுக்குப் பொட்டு வைத்து அந்தக் குங்குமம் கார்டு சொருகும் இடத்துக்குள் இறங்கிவிட்டதையும் சொன்னாள். வெகுநாள் கழித்து வாய்விட்டுச் சிரித்தேன். போகும்போது, "டீ நல்லா இருந்துச்சின்னு அம்மாகிட்ட சொல்லுங்க" என்றாள். சொல்கிறேன் என்றேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மூன்றாம் முறை அவள் முகம் சரியில்லை. "இந்த மாசத்துக்குள்ள இன்னும் ஒரு மெஷினாவது போடலைன்னா, இந்த ஏரியாவ வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க சார். கொஞ்சம் ஜல்தியா கேட்டு சொல்லுங்க."

அதைக் கேட்ட பிறகும் அதே வசனத்தைச் சொன்னேன். ஒரு பிழைப்பை வைத்து விளையாடுகிறோம் என்று தெரிந்தே சொன்னேன். அது அயோக்கியத்தனம், வேறு பெயர் அதற்குக் கிடையாது.

மாதத்தின் கடைசி நாள் மழையில் பாதி நனைந்து வந்தாள். பையைத் திறக்கவில்லை. என்னிடம் பேசவும் இல்லை. திரையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"அம்மா, ஒரு நிமிசம் வெளிய வாங்கம்மா. உங்களுக்கு இதுல என்னா சந்தேகம்னு சொல்லுங்க, நானே சொல்லிட்றேன்."

மின்விசிறிக் காற்றில் திரை லேசாக ஆடியது. யாரோ வரப்போகிறார்கள் என்று அவள் முகத்தைச் சிரித்தபடி வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அந்த முகத்தை அதற்குமேல் என்னால் பார்க்க முடியவில்லை.

"உள்ள யாரும் இல்லம்மா."

"வெளிய போய்கிறாங்களா?"

"செத்துப்போயி ரெண்டு வருசம் ஆச்சு."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு, "அப்போ டீ?" என்றாள்.

"நான் போட்டதுதான்."

திட்டியிருந்தால் தேவலை. விண்ணப்பத்தை எடுத்து என் முன்னால் வைத்து, பேனா மூடியைக் கழற்றிக் கொடுத்தாள். "போக வர எனக்கு நாலு மணி நேரம் ஆவுது சார்" என்று மட்டும் சொன்னாள். அவள் காட்டிய இடங்களிலெல்லாம் கையெழுத்துப் போட்டேன். என் கார்டையே தேய்த்து ஒரு ரூபாய்க்குப் பரிசோதித்துக் காட்டினாள். டீ போடவா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. மழை விடும் முன்பே கிளம்பிவிட்டாள்.

மெஷின் அருமையாக ஓடுகிறது. ஒரு பழுது கிடையாது. போன வாரம் வேண்டுமென்றே பேப்பர் ரோலைத் தலைகீழாகப் போட்டேன். வெள்ளைக் காகிதம் வெறுமனே வெளியே வந்தது. அவளுக்குப் போன் செய்து, எழுத்தே விழவில்லை என்றேன்.

"ரோலைத் திருப்பிப் போடுங்க சார்."

திருப்பிப் போட்டேன். விழுந்தது. விழுகிறது என்றேன். ஆனாலும் அவள் போனை வைக்கவில்லை. ஏதோ பஸ் ஸ்டாண்டில் நிற்கிறாள் போல, கண்டக்டர் ஊர் பெயர்களைக் கூவுவது கேட்டது.

"வேற எதுனா சொல்லணுமா சார்?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"இல்லம்மா, அவ்ளோதான்" என்றேன்.