கோழிகள் இல்லாத மைதானம்

இரண்டு மூன்று வருடம் இருக்கும். தை மாதத்து விடியற்காலை, மோகனூர் காவிரிக் கரை. பனி இன்னும் தண்ணீரை விட்டு எழுந்திருக்கவில்லை. எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது. நாற்பதைத் தாண்டிய பிறகு தூக்கமும் சரியாக வருவதில்லை. வெளிச்சம் வந்ததும் கரையோரம் நடக்கப் போய்விடுவேன். அன்று மணல்திட்டுப் பக்கமிருந்து ஒரு பெண்ணின் அலறல். யாரையோ ஆறு இழுத்துவிட்டது என்று செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினேன்.

அங்கே பள்ளிச் சீருடையில் ஒரு பெண், விறைப்பாக நின்று, எதிரே இருந்த கொக்குகளைப் பார்த்து "அணி... நேராக நில்!" என்று கத்திக்கொண்டிருந்தாள். கொக்குகள் நேராகத்தான் நின்றன.

"என்ன சாமி, ஆராச்சும் தண்ணில உளுந்துட்டாங்களா?"

"இல்லீங்கக்கா. ஆர்டர் குடுத்துப் பாக்கறனுங்க" என்று நெளிந்தாள்.

மூச்சு வாங்கியபடி மணலில் உட்கார்ந்தேன். அவளும் உட்கார்ந்து சொன்னாள். ஊரில் பெண்பிள்ளைகள் சேர்ந்து ஒரு மன்றம் நடத்துகிறார்கள். கூட்டத்தில் எழுந்து பேசுவது, முதலுதவி, அணிவகுப்பு, ஊராட்சி அலுவலகத்துக்குப் போய்த் தெருவிளக்கு ஏன் எரியவில்லை என்று கேட்பது, எல்லாம் பழகுகிறார்கள். இவள்தான் தலைவி, மற்ற பெண்கள் கை தூக்கித் தேர்ந்தெடுத்தவள். மாவட்டத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து பார்த்து, மன்றத்துக்கு அரசு அங்கீகாரம் கொடுப்பதாக இருந்தது. அது கிடைத்தால்தான் வெளியூர் முகாமுக்கு அனுப்புவோம் என்று எல்லா வீட்டிலும் சொல்லியாயிற்று. அதிகாரி முன்னால் அணிவகுப்பை நடத்த வேண்டியவள் இவள். இவள் குரலோ பின்வரிசைக்குப் போய்ச் சேரவில்லை.

"ஊட்லயே கத்திப் பழகலாமே?"

"கோழி பயந்துக்குமுங்க."

அவள் அப்பாவுக்குக் கோழிப்பண்ணை. வீடு பண்ணைக்குள்ளேயே. திடீர்ச் சத்தம் கேட்டால் முட்டைக்கோழிகள் மிரண்டு கூண்டுக்குள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். மறுநாள் முட்டை குறையும். அதனால் அந்த வீட்டில் தீபாவளிக்கு வெடி கிடையாது. டிவி முணுமுணுக்கும். தூரத்தில் இருப்பவரைக் கூப்பிட வேண்டுமென்றால் பக்கத்தில் நடந்து போய்க் கூப்பிடுவார்கள். "அழுதாக்கூட சத்தம் வராம அழுவனுங்க" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அணிவகுப்பைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. காது மட்டும் இருந்தது. மறுநாளிலிருந்து கரையில் தள்ளித் தள்ளிப் போய் நிற்பேன். கேட்டால் கையைத் தூக்குவேன். ஒருநாள் ஏதோ நினைப்பில் நான் தூக்கவில்லை. மூச்சிரைக்க ஓடி வந்தாள். "அந்த எருமையே திரும்பிப் பாத்துதுங்க. உங்களுக்குக் கேக்கலையாக்கா?"

அதிகாரி வந்த நாளில் பள்ளி மைதானம் நிறைய சனம். ஓரமாக நானும் நின்றேன். பெண்கள் வரிசையாக நின்றார்கள். அவள் முன்னால் வந்து முதல் கட்டளையைக் கொடுத்தாள். ஆற்று மணலில் எருமையைத் திருப்பிய குரல் எங்கே போனதென்று தெரியவில்லை. முன்வரிசை வலப்புறம் திரும்பியது, பின்வரிசை அப்படியே நின்றது, நடுவில் இருவர் முட்டிக்கொண்டார்கள். "அட, மைக்கக் குடுங்கப்பா" என்று யாரோ சொல்ல, ஆண்கள் கூட்டம் சிரித்தது. அந்த அதிகாரி அம்மா சிரிக்கவில்லை. இன்னொரு தடவை பார்க்கலாம் என்றார்.

அவள் கண் போன திக்கில் பார்த்தேன். கேட்டுக்குப் பக்கத்தில் ஒருவர், கையில் தீவனத் தூசியோடு, வண்டியை நிறுத்திய கையோடு நின்றிருந்தார். அவள் அப்பாதான். அவரைப் பார்த்ததும் தொண்டை தானாகத் தணிந்துவிட்டது. பிறந்ததிலிருந்து பழகிய தொண்டை அல்லவா?

அவருக்கும் அது புரிந்திருக்க வேண்டும். முகம் ஒரு மாதிரி ஆயிற்று. சட்டென்று வாயருகே கையைக் குவித்து, அத்தனை பேர் நடுவில் கத்தினார்:

"கத்து சாமி! நல்லா கத்து! இங்க கோழி ஒண்ணுமில்ல!"

மைதானமே சிரித்தது. அவளும் சிரித்தாள். பிறகு நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து ஒரு குரல் கொடுத்தாள் பாருங்கள். சாலையில் போன லாரிக்காரர் வேகத்தைக் குறைத்து எட்டிப் பார்த்தார். வரிசை முழுவதும் ஒரே உடம்பாகத் திரும்பியது.

கொஞ்ச நாளில் அங்கீகாரம் வந்தது. பெண்கள் முகாமுக்கும் போனார்கள். ஆனால் அன்று என் பக்கத்தில் வந்து நின்ற அந்த மனிதர், மைதானத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "இத்தன சத்தத்த எங்கீங்க வெச்சிருந்தா?" என்று கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. அதற்குப் பிறகு, மெதுவாகப் பேசும் எந்தப் பெண்ணைப் பார்த்தாலும் அது அவள் சுபாவம் என்று நான் முடிவு கட்டுவதில்லை. எது மிரண்டுவிடக்கூடாதென்று இவள் இப்படிப் பேசப் பழகினாளோ என்றுதான் நினைத்துக்கொள்கிறேன்.