தோடம்பழ நிற நூல்

சண்டைக் காலத்தில் எங்கள் ஊர்ப் பெண்பிள்ளைகள் என்ன உடுப்பது என்பதைத் தீர்மானித்தது கூட்டுறவுச் சங்கக்கடைதான். பாதை திறந்திருக்கிற நாளாகப் பார்த்து எப்போதாவது ஒரு துணிக்கட்டு அங்கே வந்து இறங்கும். அது நீலப் பூப்போட்ட சீத்தைத் துணி என்றால், அந்த வருடம் செங்கலடிக்கு இங்கால் எல்லாருக்கும் நீலப் பூதான். சட்டையாக, பாவாடையாக, மிஞ்சியது தலையணை உறையாக, அதிலும் மிஞ்சியது சாமியறைத் திரையாக. ஒருநாள் கோயில் வாசலில் என் சிநேகிதி என்று நினைத்து யாரோ ஒருத்தியின் பின்னலைப் பிடித்து இழுத்து, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். பின்னால் இருந்து பார்த்தால் எல்லாரும் ஒரே ஆள்தான்.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. நீலப் பூவைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். ஊர்ச் சுவரில் ஒட்டின நோட்டீஸ் மாதிரி எல்லாருக்கும் ஒரே முகமாக இருக்க என்னால் முடியாது என்று வீட்டில் குதிப்பேன். வீட்டில் என்றால் அம்மாவும் நானும்தான். நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே அப்பா காய்ச்சலில் போய்விட்டார். அதற்குப் பிறகு அம்மா சாம்பல் நிறத்தையும் வெளிர் நீலத்தையும் தவிர வேறு சேலை கட்டியதில்லை.

என்னைக் காப்பாற்றியது செங்கலடிச் சந்தி. சந்தை நாளில் அங்கே ஒரு அம்மா தறப்பாளை விரித்து, வெளிநாட்டுக்காரர் போட்டுக் கழித்த உடுப்புகளைக் குவித்து வைத்திருப்பார். நிவாரணமாக வந்து எப்படியோ கைமாறிச் சந்தைக்கு வந்து சேர்ந்த சாமான். எங்கள் வெயிலில் யார் போடுவது? தடித்த கம்பளிப் பாவாடை, கழுத்தில் மயிர் வைத்த கோட்டு, பனிக்காலத்துக் காற்சட்டை. வயல்காரர் வந்து வட்டையில் குருவி விரட்ட நிற்கிற வெருளிக்கு உடுத்த ஒன்றிரண்டு பொறுக்கிக்கொண்டு போவார்கள். எங்கள் பக்கத்து வெருளிகள் அந்தக் காலத்தில் மகா ஸ்டைலாக நின்றன.

நான் அந்தக் குவியலுக்குள் முழங்கை வரை கையை விடுவேன். கண்ணுக்கு முன்னால் கைக்குத் தெரிந்துவிடும். வழுக்கினால் பட்டு, குத்தினால் கம்பளி, குளிர்ந்தால் பித்தளை சிப். நாய்க்காது மாதிரிப் பெரிய கொலர் வைத்த சட்டை ஒன்று, கையால் பின்னிய லேஸ் ஒன்று, உள்ளுக்கு ஊதாப் பட்டு வைத்த ஒரு ஆண்பிள்ளைக் கோட்டு. வீட்டுக்குக் கொண்டுவந்ததும் கொதிநீரில் அவித்து, காயவைத்து, உள்பக்கத்தை வெளியே திருப்பி வைத்துக்கொண்டு ஒவ்வொரு தையலாகப் பிரிப்பேன். தையல் வகுப்புக்கு நான் ஒருநாளும் போனதில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் பிரித்துப் பிரித்துத் தெரிந்துகொண்டதுதான். ஊதாப் பட்டு எனக்கு ரவிக்கையாயிற்று. கோட்டின் மிச்சம் வெருளிக்குப் போயிற்று.

டவுனில் எனக்குத் தட்டெழுத்து வகுப்பு இருந்தது. அந்தத் தெருவில் கவுண் தைத்துக்கொண்டிருந்த ஒரு பறங்கி அன்ரி, வெளிநாட்டில் இருக்கிற மகளோடு போய் இருப்பதற்காக வீட்டைக் காலிபண்ணினார். அலுமாரியும் கட்டிலும் யார் யாருக்கோ போயின. எனக்கு ஒரு பிஸ்கட் தகரம் கிடைத்தது. திறந்தால் உள்ளே முழுக்கப் பொத்தான். கண்ணாடிப் பொத்தான், கொம்புப் பொத்தான், முத்துச்சிப்பியில் பூச் செதுக்கிய பெரிய பொத்தான். எல்லாம் பழைய கல்யாணக் கவுண்களில் இருந்து வெட்டி எடுத்தவை என்று அவர் சொன்னார். பஸ்ஸில் தகரத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். வழியில் ஆமிச் சென்றியில் காவல் நின்றவர் அதைத் திறக்கச் சொல்லி, கையை விட்டுக் கிளறிப் பார்த்துவிட்டு, எனக்கு மூளை சரியில்லை என்று நினைத்தாரோ என்னவோ, போ என்று கையைக் காட்டினார்.

அதற்கு அடுத்த சந்தையில்தான் அது அகப்பட்டது. வரிவரியாகத் தடித்த பருத்தியில் ஒரு நீளக் கோட்டு. நான் பிறக்க முந்திய காலத்து வெட்டு. இடுப்பில் இறுக்கி, கீழே விரிந்து, ஓரமெல்லாம் தோடம்பழ நிற நூலால், நல்ல செம்மஞ்சளில், தடித்த தையல் ஓடியது. நான் அதைத் தூக்கிப் பிடித்ததும் சந்தை முழுக்க அமைதியான மாதிரி எனக்கு ஒரு நினைப்பு. அமைதியாகவெல்லாம் இல்லை, மீன் விற்கிறவர் கத்திக்கொண்டுதான் இருந்தார். ஒரேயொரு குறை. கோட்டு பச்சை நிறம். இலைப் பச்சை.

எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்தில் பச்சை உடுத்தப் பயம். யூனிபோர்ம் நிறத்துக்கு எது கிட்ட வந்தாலும் பயம். பச்சை உடுத்தவளைப் பஸ்ஸிலிருந்து இறக்கி விசாரிப்பார்கள் என்பது பேச்சு. அம்மா கோட்டைக் கண்டதும் கொடியிலிருந்து இழுத்துச் சுருட்டிக் கட்டிலுக்குக் கீழே தள்ளினார். அம்மாவுக்கு இருந்தது ஒரே ஒரு நம்பிக்கை. யார் கண்ணில் படுகிறாளோ அவளைத்தான் இறக்குவார்கள். கண்ணில் படாதவள் பின்னேரம் வீட்டுக்கு வந்து சேருவாள்.

"பத்தோட பதினொண்ணாப் போயிட்டு வா மனே. அது போதும் எனக்கு," என்றார்.

நான் பதினொன்றாவதாக இருக்கப் பிறக்கவில்லை என்று பதில் சொன்னேன். இரண்டு நாள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. பிறகு ஒரு உடன்பாட்டுக்கு வந்தோம். பச்சை போனால் போடலாம், போகாவிட்டால் கோட்டு அடுப்புக்கு.

அம்மாவின் தம்பி, என் மாமா, வாவியில் வீச்சுவலை போடுகிறவர். நைலோன் நூல் வராமல் போனதால் திரும்பவும் பருத்தி நூல் வலைக்கு மாறியிருந்தார். வலை உக்காமல் இருக்கக் கண்டல் மரப்பட்டையை அரை பீப்பாயில் அவித்து, அந்தச் சாயத்தில் ஊறப்போடுவார். சாயம் தேயிலைச் சாயத்தைவிடக் கறுத்து, சிவந்து, ஒருமாதிரிக் கைத்த மணத்தோடு இருக்கும். நான் கோட்டின் கையைக் குறைத்து, நீளத்தை இடுப்புக்குக் கொஞ்சம் கீழே வரை வெட்டி, சோதிக்கிறவர்களுக்கு வேலை வைக்காமல் உள்பொக்கற்றுகளைத் தைத்து மூடி, மாமாவின் பீப்பாய்க்குக் கொண்டுபோனேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்தாலும் வலையைத் தள்ளி இடம் தந்தார். ஊறப்போடுவதும் காயவைப்பதும் திரும்ப ஊறப்போடுவதுமாக, பச்சை பாசியாகி, பாசி சேறாகி, கடைசியில் நல்ல கறுத்த மண்ணிறம் வந்தது. நான் கரையில் நின்று துள்ளினேன்.

ஆனால் அந்தத் தோடம்பழ நூல் சாயம் ஏறவில்லை. அது பருத்தி இல்லை, நைலோன் சாதி. வலைச்சாயம் நைலோனில் ஏறாது என்பது மாமாவுக்குத் தெரியாத விஷயமா? கோட்டில் அப்படி ஒரு நூல் இருக்குமென்று அவரும் பார்க்கவில்லை, நானும் நினைக்கவில்லை. பச்சையில் கொஞ்சம் அடங்கிக் கிடந்த தையல், மண்ணிறத்தில் நெருப்புக் கோடு மாதிரி எழுந்து நின்றது. எனக்கென்றால் தலைகால் புரியாத சந்தோசம். முதுகில் இடுப்புப் பட்டியின் இரு முனையிலும் முத்துச்சிப்பிப் பொத்தானை வைத்துத் தைத்தேன்.

"அக்கா, இனி இவ வாவிக்கு அங்கால நிண்டாலும் தெரியும்," என்று மாமா சிரித்தார்.

தெரியக்கூடாது என்றுதானே நான் தலையால் அடித்துக்கொள்கிறேன் என்று அம்மா அவரைத் திட்டினார். ஆனால் சொன்ன சொல் சொன்ன சொல்தான். பச்சை போய்விட்டது. கோட்டு அடுப்புக்குப் போகவில்லை. அம்மா அதற்குப் பிறகு நான் அதைப் போட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். வெருளி புறப்பட்டிட்டுது என்று சட்டிபானையோடு பேசுவார். நான் கவலைப்படவில்லை. மாரி காலத்தில் நீலப் பூச் சட்டைக்கு மேலே அதைப் போட்டுக்கொண்டு நடந்தால் தெரு என்னுடையது. வலை மணம் மட்டும் போகவில்லை. பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர்கள் மீன் எங்கே என்று என் பையைப் பார்ப்பார்கள். வீட்டுக்கு வருகிற வழியில் பூனைகள் பின்னால் வரும்.

அப்படி ஒரு தூறல் நாள், வகுப்பு முடிந்து வரும்போது, முன்னால் எங்கேயோ பெரிய சத்தம் கேட்டது. அதைத் தொடர்ந்து வெடிச்சத்தம். ஆமிக்காரர் பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கி, பக்கத்துப் பள்ளிக்கூட மைதானத்துக்கு நடத்திக்கொண்டு போனார்கள். பின்னால் வந்த பஸ்களில் இருந்தவர்களும் வந்து சேர்ந்தார்கள். பெண்பிள்ளைகளை ஒரு பக்கமாக இருத்தினார்கள். நான் வேம்புக்குக் கீழே, வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பயத்தில் முன்பக்கப் பொத்தானைத் திருகித் திருகி விரல் நொந்தது. என்னைச் சுற்றி எங்கே பார்த்தாலும் நீலப் பூ.

வெளியே நடந்ததைப் பிறகு, ஊர்ப் பதிவெல்லாம் பார்க்கிற எங்கள் விதானையார் சொன்னார். செய்தி கேட்டுத் தாய்மார் எல்லாம் கேற்றடியில் வந்து நின்று அழுதிருக்கிறார்கள். உள்ளே போய்ப் பிள்ளையைக் காட்டிக் கூட்டிவர விதானையாரை மட்டும் அனுமதித்தார்கள். புள்ள என்ன உடுத்திருந்தா என்று அவர் ஒவ்வொரு தாயிடமும் கேட்டார். நீலப் பூ, நீலப் பூ, நீலப் பூ. அந்த நேரம் பார்த்து, நீலப் பூச் சட்டை போட்ட ஒரு பிள்ளையை இரத்தத்தோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதாக ஒரு கதை வந்தது. நீலப் பூப் பிள்ளையைப் பெற்ற தாய்மார் அத்தனை பேரும் தலையில் அடித்துக்கொண்டு றோட்டால் ஓடினார்கள். காயம்பட்ட பிள்ளை ஒருத்திதான், அவளும் பிழைத்துக்கொண்டாள். ஓடியது அவ்வளவு தாய்மார்.

என் அம்மா ஓடவில்லை. கேற்றுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று விதானையாரிடம் இப்படிச் சொன்னாராம்:

"மண்ணிறக் கோட்டு. தோடம்பழ நிற நூல்ல தையல் ஓடும். முதுகுல ரெண்டு முத்துப் பொத்தான், இடக்கைப் பக்கத்தில இரிக்கிறது ஓரத்தில உடைஞ்சிருக்கும். அந்தா, வேம்புக்குக் கீழ இரிக்கிறா என்ர புள்ள."

பொத்தான் உடைந்திருந்தது எனக்கே தெரியாது. வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றிப் பார்த்தேன். இடக்கைப் பக்கத்துப் பொத்தானில் ஒரு நகக்கண் அளவு சிதறியிருந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்ட அம்மா அதை எப்போது பார்த்தார்? நான் அழுதேன். அம்மா சோறு போட்டார்.

அடுத்த சந்தை நாளில் அம்மா தானும் வருவதாகச் சொன்னார். தறப்பாளுக்கு முன்னால் குந்தி, என்னைப் போலவே முழங்கை வரை கையை விட்டுக் கிளறினார். துணியைத் தடவியெல்லாம் பார்க்கவில்லை. நிறத்தை மட்டும் பார்த்தார். கடைசியில் கண் கூசுகிற மஞ்சளில் ஒரு சட்டையை உருவி எடுத்தார். கை இரண்டும் பலூன் மாதிரி, என் அளவுக்கு ஒன்றரை மடங்கு. நான் என் வாழ்க்கையில் கண்ட சட்டைகளிலேயே அவலட்சணமான சட்டை அதுதான்.

"இத எடு மனே," என்றார். "அங்கால நிண்டாலும் தெரியும்."

நான் மறுபேச்சுப் பேசாமல் வாங்கினேன். பிறகு திரும்பவும் குவியலுக்குள் கையை விட்டேன். இரத்தச் சிவப்பில் ஒரு கம்பளிச் சால்வை வந்தது. அதை அம்மாவின் சாம்பல் நிறச் சேலைக்கு மேலே வைத்துப் பார்த்தேன். எனக்கென்னத்துக்கு இந்த வயதில் என்று அவர் கையைத் தட்டிவிட்டார்.

"உங்களையும் நான் தேடிக் கண்டுபிடிக்க வேணுமே அம்மா," என்றேன்.

அம்மா சால்வையை என் கையிலிருந்து இழுத்து மடித்தார். பிறகு மழைக்குப் போர்த்த உதவும் என்று விற்கிற அம்மாவிடம் சொல்லி வாங்கினார். அன்றைக்கு மழை இல்லை. நல்ல வெயில். பஸ் தரிப்பிடம் வரைக்கும் அவர் அதைப் போர்த்திக்கொண்டே நடந்தார்.