கவிழ்த்து வைத்த கிண்ணம்

என் கணவருக்குத் தாம் பிடித்த முயலுக்கு மூன்றே கால். ஐப்பசி மழையில் தொடங்கிய இருமல் தை பிறந்தும் நிற்கவில்லை. நெஞ்சைப் படம் எடுத்துப் பார்க்கச் சொன்னார் டாக்டர். "மண்ணுல வேலை செய்யறவன் இருமாம பாட்டா பாடுவான்?" என்று கேட்டுவிட்டு இவர் வேலைக்குப் போய்விட்டார். விருத்தாசலத்தில் பீங்கான் வேலை செய்கிறவர்கள் நாங்கள். நான் பொம்மைகளுக்கு வண்ணம் பூசுகிறேன். இவர் பல வருடம் வெள்ளைக்கல் அரைக்கும் இயந்திரத்தருகே கல்தூசியில் நின்றவர். இப்போதுதான் வெந்த கிண்ணங்களைச் சரிபார்க்கும் வேலைக்கு மாறியிருக்கிறார்.

அதே இயந்திரத்தில் இவரோடு நின்ற கூட்டாளி ஒருவர் கருவேப்பிலங்குறிச்சியில் இருக்கிறார். பொங்கலுக்குப் பார்க்கப் போனோம். கட்டிலிலிருந்து வாசலுக்கு வருவதற்குள் மூச்சு வாங்கி, சுவரைப் பிடித்துப் பிடித்து நின்றார் அந்த மனிதர். வீட்டுக்கு வந்ததும், "கொடைக்கானல் போயிட்டு வரலாம். மலைக் காத்து பட்டா எல்லாம் சரியாப் பூடும்" என்றார். படம் எடுக்கப் பயந்துதான் மலையேறுகிறார் என்று எனக்குத் தெரியும். சொல்லிச் சொல்லி என் வாய் வலித்ததுதான் மிச்சம்.

கொடைக்கானலில் ஏரியிலிருந்து மேலேறும் தெருவில் பாதியில் நின்றுவிட்டார். ஒரு பெயர்ப்பலகையைப் படிக்கிறவர் போல நின்றார். படிக்கவில்லை, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். மூடுபனி இறங்கி எதிர்க்கடை கண்ணுக்குத் தெரியவில்லை. உட்கார இடம் வேண்டுமே என்றுதான் அந்தத் திபெத்துச் சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்தோம்.

கடைக்காரம்மா பிறந்தது கொடைக்கானலிலேயே. எங்களைவிடத் திருத்தமாகத் தமிழ் பேசினார். மோமோ எனக்குப் புதிதல்ல. எங்கள் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் தள்ளுவண்டியில் பொரித்து விற்கிறார்கள். இங்கே வந்தது வேறு சாதி. ஆவியில் வெந்தது, மேல்மாவு கொழுக்கட்டையைவிட மெல்லிசு, கடித்ததும் உள்ளிருந்த கறிச்சாறு நாக்கைச் சுட்டது. அடுத்து துக்பா என்று ஒரு பெரிய கிண்ணம்: கையால் இழுத்த தடித்த நூடுல்ஸ், கீரை, கோழி, இஞ்சி மணக்கும் தெளிந்த சாறு. மிளகும் சீரகமும் இல்லாமலே ரசத்தின் வேலையைச் செய்தது. வெண்ணெயும் உப்பும் போட்ட டீயை மட்டும் என்னால் ஒரு வாய்க்கு மேல் குடிக்க முடியவில்லை. "கஞ்சின்னு நெனச்சிக் குடி, நல்லாத்தான் இருக்குது" என்றார் இவர். வாரக்கணக்காகச் சோற்றை அளைந்துகொண்டிருந்த மனிதர் கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அது கொஞ்ச நேரம்தான்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எங்கே பீங்கானைக் கண்டாலும் கவிழ்த்து அடிவிளிம்பைத் தடவிப் பார்ப்பார்கள், விரிசல் உண்டா என்று நகத்தால் சுண்டிக் கேட்பார்கள். இவரும் சுண்டினார். "நல்ல வேக்காடு" என்று சொல்லிவிட்டு, பட்டறையில் வைப்பதைப் போலவே கிண்ணத்தைக் கவிழ்த்து மேசையில் வைத்தார்.

கடைக்காரம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்து அதை நிமிர்த்தினார். முகமே மாறியிருந்தது.

"அப்படி வைக்காதீங்கண்ணா."

"ஏம்மா, ஒடஞ்சிடும்னா?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு, "எங்க வீட்ல யாராவது தவறிட்டா, அவங்க கிண்ணத்தத்தான் கவுத்து வைப்போம்" என்றார்.

இவர் சிரித்தார். "தெனம் நூறு கிண்ணம் கவுக்கறேம்மா. அப்ப எங்கூரே காலியாயிருக்கணுமே!"

சிரிப்பு இருமலானது. நிற்கவில்லை. இவர் மேசையைப் பிடித்துக்கொண்டார். பக்கத்து மேசைக்காரர்கள் கரண்டியைக் கீழே வைத்தார்கள். முதுகைத் தடவிய என் கைக்கு எலும்புதான் தட்டுப்பட்டது. தினம் பார்க்கிற உடம்பு, எப்போது இப்படி இளைத்தது? கடைக்காரம்மா நிமிர்த்திய கிண்ணத்தில் மறுபடி சாறு ஊற்றி, "குடிங்கண்ணா" என்றார். இவர் எதிர்த்துப் பேசாமல் குடித்தார். சகுனமாவது மண்ணாங்கட்டியாவது என்று ஊரெல்லாம் பேசுகிறவள் நான். அன்று இவர் குடித்து முடித்த கிண்ணத்தை நானே நிமிர்த்தி வைத்தேன்.

வெளியே வந்து சரிவில் இறங்கினோம். நடுத்தெருவில் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் தெருவில் என்னைத் தொட்டவரில்லை.

"ஊருக்குப் போனதும் படம் எடுத்துடலாம்" என்றார்.

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் சண்டை போட்டேன், அழுதேன், சோறாக்காமல் படுத்தேன். வந்துவிட்டது. கருவேப்பிலங்குறிச்சியில் சுவரைப் பிடித்து நின்ற மனிதர்தான் என் கண்முன் வந்தார்.

"இப்ப என்னாங்க அவசரம்? வெறும் இருமல்தான?" என்றேன்.