கல்தோ என்று அவர் கத்தியபோது

2004இல் நான் இத்தாலியின் பலேர்மோ நகருக்கு வந்த புதிது. இத்தாலியன் தெரியாமலேயே, நடக்க முடியாத ஒரு வயோதிப அம்மாவை, அவர்கள் வழக்கில் ‘சிஞ்ஞோரா’வை, பராமரிக்கும் வேலையில் சேர்ந்தேன்.

ஒரு காலை, இளஞ்சூடுதான் என்று நான் நினைத்த நீரில் அவருடைய கால்களை வைத்தேன். “கல்தோ! கல்தோ!” என்று கத்தினார். ஆங்கிலத்தின் ‘கோல்ட்’ போலக் கேட்டதால், குளிர்கிறதாக்கும் என்று கொதிநீரை ஊற்றிவிட்டேன். பாதங்கள் கொப்பளித்துவிட்டன.

கீழ்வீட்டில் வேலைசெய்யும் ராணி அக்கா ஓடிவந்தார். “ஐயோ பிள்ளை, கல்தோ எண்டால் சூடு!”

மாலையில் சிஞ்ஞோராவின் மகன் வந்து விசாரித்தபோது அக்காவும் என்னோடு நின்றார். சிஞ்ஞோரா ஏதோ சொன்னார்.

“தான்தான் சுடுதண்ணி கேட்டதாம் எண்டு சொல்லுறா,” என்றார் அக்கா மெதுவாக.

அப்போதும் நான் உண்மையைச் சொல்லவில்லை. வேலை போய்விடும் என்று பயந்து தலைகுனிந்து நின்றேன். அதுதான் இன்றும் உறுத்துகிறது.

இப்போதெல்லாம் நீரில் முதலில் என் கையை வைக்கிறேன். ஒரு சொல் விளங்காவிட்டால், விளங்கும்வரை எதையும் செய்வதில்லை.