டாம்பரின் எனக்கு வேண்டாம்

ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிஞ்சதும் எங்க பாட்டுக் குழு ஆம்பளைங்க தம்போயிலே இருக்கிற மாமாக் சாப்பாட்டுக் கடையிலே உட்கார்ந்து ஒரே சண்டையைத்தான் வாராவாரம் போடுவாங்க. உலகத்திலேயே பெரிய ராக் கிதார்காரன் யாரு? கோயில் அறிவிப்புத் தாளோட பின்பக்கத்திலே ஒண்ணுலேருந்து பத்து வரைக்கும் எழுதுவாங்க, அடிப்பாங்க, திரும்ப எழுதுவாங்க. அந்தப் பேரையெல்லாம் இங்கே சொல்ல மாட்டேன். சொன்னா நீங்களும் சண்டைக்கு வருவீங்க. பத்துப் பேரும் ஆம்பளைங்க, அதை மட்டும் சொல்றேன்.

அந்த மேசையிலே நான் ஒருத்திதான் பொம்பளை. வாரம் முழுக்க பிளாஸ்டிக் ஃபேக்டரியிலே வேலை, ஞாயிறானா குவாயரிலே லீட் கிதார். ஒன்பது வருஷமா அப்படித்தான். ஆனா பட்டியல் போடும்போது மட்டும் என்கிட்டே "இன்னொரு தே தாரிக் டீ சொல்லவாம்மா?"ன்னுதான் கேட்பாங்க.

போன வருஷம் புதுசா ஒரு தம்பி சேர்ந்தார். முப்பது வயசு, சிங்கப்பூரிலே வேலை, பளபளன்னு கிதார். விரல் பறக்கும், அதை இல்லைன்னு சொன்னா நாக்கு அழுகிடும். அவருக்கு வேகம்தான் எல்லாம். "யாரு வேகமா வாசிக்கிறாங்களோ அவங்கதான்க்கா பெரிய ஆளு. மத்ததெல்லாம் சும்மா பேச்சு லா."

எனக்குச் சுர்ருன்னு ஏறிடுச்சு. "வேகத்தை வச்சு என்ன பண்றது? கூடப் பாடுறவன் எங்கே நிக்கிறான்னு கேட்கிற காது வேணும். கம்பியைத் தள்ளி, இழுத்து, அவன் குரல்கிட்டே போய்ச் சேரணும். பெரிய ஆளுங்க ஒவ்வொருத்தனும் அதைத்தான் செஞ்சான்."

எல்லாரும் சிரிச்சாங்க. குவாயரை நடத்துற அங்கிள், நல்ல மனுஷன்தான், அவர்கூட சிரிச்சார். சிரிச்சுட்டு அப்படியே அடுத்த விஷயத்தையும் சொல்லிட்டார். சிம்பாங் ரெங்கம் பக்கத்து எஸ்டேட் கோயில் திருவிழாவுக்கு லீட் தம்பி வாசிப்பாராம். எனக்கு டாம்பரின், அந்தக் கிலுகிலுன்னு தட்டுற சலங்கை வட்டம். "பொம்பளைப் பிள்ளை கையிலே அது அழகா இருக்கும்மா."

ஒன்பது வருஷத்தை ஒரு ரொட்டி சானாய் தின்னு முடிக்கிறதுக்குள்ளே எடுத்துட்டாங்க. வாயைத் திறந்தா அழுதிடுவேன்னு பயந்து எழுந்து வந்துட்டேன். ஆனா திருவிழா அன்னிக்கு என் கார் பின்பெட்டியிலே டாம்பரினோட என் பழைய கிதாரும் ஏறிச்சு. யாரையும் கேட்கல.

அந்த எஸ்டேட்டிலே ஒரு வழக்கம் உண்டு. மாதா தேர் புறப்படும்போது, முன்னாலே மெழுகுவர்த்தி ஏந்தி நடக்கிறவங்கதான் பாட்டை எடுப்பாங்க. குவாயரைப் பார்க்கவும் மாட்டாங்க, சுருதி கேட்கவும் மாட்டாங்க. தொண்டைக்கு எது வருதோ அதுதான் சுருதி. நாங்க தேருக்குப் பின்னாலே லாரியிலே ஸ்பீக்கரோட நின்னு அவங்களைப் பிடிச்சுக்கணும். தம்பி ஜி சுருதியிலே எல்லாப் பாட்டையும் அச்சடிச்சுக் கொண்டு வந்திருந்தார். இந்த வழக்கத்தை அவருக்கு யாரும் சொல்லல. எனக்குத் தெரியும். நானும் சொல்லல. ஆமா, வேணும்னுதான்.

சாயங்காலம் ஆறு மணி. செம்பனைத் தோட்டத்திலே வேலை பார்க்கிற ஒரு அக்கா மெழுகுவர்த்தியோட நின்னாங்க. வாயைத் திறந்தாங்க பாருங்க! ஜி-யும் இல்லை, அதுக்கு மேலே உள்ளதும் இல்லை, ரெண்டுக்கும் நடுவிலே. ஊரே அவங்க பின்னாலே பாடுது. தம்பி ஜி-யைப் போட்டார், நாராசம். சுருதியை ஏத்துற கேப்போவைக் கம்பி மேலே மாட்டினார், இன்னும் மோசம். வேகமா ஏதேதோ வாசிச்சுப் பார்த்தார். "அலமாக், என்னய்யா இது"னு லாரி டிரைவர் தலையை வெளியே நீட்டிட்டார்.

முதல் சரணம் முழுக்க நான் டாம்பரினோட கையைக் கட்டிட்டு நின்னேன். பாவம்னு தோணல, சந்தோஷமா இருந்தது. பூசையிலே நன்மை அப்பம் வாங்கின வாயாலேயே இதைச் சொல்றேன். அப்புறம் முன்னாலே போற அந்த அக்கா திரும்பிப் பார்த்தாங்க. தான்தான் தப்பாப் பாடுறோம்னு நினைச்சு அவங்க குரல் தடுமாறுச்சு. அப்போதான் எனக்குச் சுருக்குன்னு பட்டுச்சு.

டாம்பரினைக் கீழே வச்சேன், லாரி மூலையிலே வச்சிருந்த என் கிதாரை ஸ்பீக்கரிலே செருகினேன், தம்பியை "நிறுத்துங்க"ன்னேன். கம்பிகளைச் சேர்த்து மீட்டுற கார்டு எதுவும் போடல. ஒத்தை ஒத்தைக் கம்பியா, ஒவ்வொண்ணையும் கொஞ்சம் மேலே தள்ளித் தள்ளி அவங்க நிக்கிற இடத்துக்குப் போனேன். விரல் நுனி எரிஞ்சது. ரெண்டாவது வரியிலே சேர்ந்துட்டேன். அந்த அக்கா முன்பக்கம் திரும்பி நிமிர்ந்து நடந்தாங்க, குரல் பழையபடி ஏறுச்சு. தேர் கோயிலைச் சுத்தி வர்ற வரைக்கும் நான் அவங்களை விடல.

எல்லாம் முடிஞ்சதும் தம்பி, "அந்த ஆன்ட்டி பாடின கீ தப்புக்கா"ன்னார்.

"அவங்க தப்பில்லை தம்பி. அவங்கதான் பாட்டு. நாம அவங்களுக்கு வாசிக்க வந்தவங்க."

அங்கிள் வந்து என் தோளைத் தட்டினார். "எல்லாம் ஆண்டவர் கிருபைம்மா."

"கிருபைதான் அங்கிள். விரலும் என்னோடது"ன்னேன். நீட்டிக் காட்டினேன், சிவந்து கிடந்தது.

மறு ஞாயிறு மாமாக் கடையிலே பட்டியல் திரும்ப ஆரம்பிச்சது. மூணாவது இடத்துக்கு அடிதடி. லாரியைப் பத்தி ஒருத்தரும் மூச்சு விடல. அன்னிக்கு மத்தியானமே குவாயர் வாட்ஸ்அப்பிலே கிறிஸ்துமஸ் அட்டவணை வந்தது. லீட் கிதாருக்கு நேரா தம்பி பேரு. டாம்பரினுக்கு நேரா என் பேரு.

இந்தத் தடவை அழுகை வரல. எல்லாரும் பார்க்கிற குரூப்பிலேயே பதில் அடிச்சேன்.

"கிறிஸ்துமஸுக்கு நான் கிதாரோட வரேன். டாம்பரின் குவாயர் அலமாரியிலே இருக்கு. வேணுங்கிறவங்க எடுத்துக்கலாம்."