ஹேமலதா பட்டறையில் மரை தப்பியது

ஆரணியில் பட்டுக்குத்தான் பேர். இரும்பைக் கடைந்தெடுக்கும் ஹேமலதாவின் பட்டறையை யாரும் வேடிக்கை பார்க்க வருவதில்லை. அதில் அவளுக்கு வருத்தமும் கிடையாது. வாய்தான் கொஞ்சம் நீளம், மற்றபடி தங்கமான பெண்.

ஸ்ரீபெரும்புதூரில் கம்பெனி வேலையை விட்டு வந்தவள், பழைய லேத் ஒன்றை வாங்கி, கம்ப்யூட்டர் பூட்டி சி.என்.சி. ஆக்கினாள். பட்டு நூல் முறுக்கும் மிஷின்களுக்குத் திருகாணி செய்து கொடுக்கிறாள். கணவன் அன்பழகன் முள்ளிப்பட்டுத் தறிக்காரன். அவள் கூப்பிட்டாள் என்று தறியை விட்டு வந்து பட்டறையில் நின்றான். பெண்டாட்டி கூப்பிட்டதும் கைத்தொழிலையே விட்டு வரும் ஆண்பிள்ளைகளை நான் அதிகம் கண்டதில்லை.

திருகாணியைச் சுற்றி ஓடும் மரை ஒரே வெட்டில் விழாது. உளி திரும்பத் திரும்பப் போய்வர வேண்டும்; ஒவ்வொரு முறையும் அதே பள்ளத்தில் நுழைய வேண்டும். அதற்குத்தான் என்கோடர். லேத்தோடு சுழலும் தட்டில் ஒரு பொடி ஓட்டை. அதன் வழியே வெளிச்சம் விழுந்ததும் 'இங்கே தொடங்கு' என்று கம்ப்யூட்டருக்குத் தகவல் போகும். அதைப் பொருத்துவதற்குள் இருவரும் சோறு தண்ணி மறந்தார்கள். முதல் திருகாணியில் நட்டு வழுக்கிக்கொண்டு ஏறியபோது விசில் அடித்தவன் அன்பழகன்தான்.

ஆயுத பூஜைக்கு அவன் என்கோடரின் மூடியையும் தட்டைச் சுழற்றும் பெல்ட்டையும் கழற்றித் துடைத்தான். பூஜை முடிந்ததும் திரும்ப மாட்டினான். விஜயதசமியன்று மிஷினை ஓட்டினால், மரை கன்னாபின்னாவென்று விழுந்தது.

"பெல்ட்ட இன்னா பண்ணி வெச்சீங்க? தறி மிதிச்ச ஆளுக்கு மிஷின் எங்க புரியப் போவுது!" என்றாள் ஹேமலதா. சரக்கு வாங்க வந்தவர்கள் பக்கத்திலேயே நின்றார்கள்.

அவன் கையைத் துடைத்துக்கொண்டு முள்ளிப்பட்டுக்குப் போய்விட்டான். அண்ணன் வீட்டில் சும்மா கிடந்த தறியில் உட்கார்ந்துவிட்டதாகவும், இனி பட்டறைப் பக்கம் வரப்போவதில்லை என்றும் சேதி வந்தது.

வீம்புக்காரி, பெல்ட்டையே கழற்றிக் கழற்றி மாட்டிப் பார்த்தாள். மரை சரியாகவில்லை. கடைசியில் தட்டை வெளியே எடுத்தபோதுதான் தெரிந்தது: ஓட்டையைப் பாதி அடைத்துக்கொண்டு காய்ந்த சந்தனம், நடுவில் குங்குமம். வெளிச்சம் ஒரு சுற்றில் தெரிந்து மறு சுற்றில் தப்பியிருக்கிறது. எங்கள் ஊரில் பூஜையென்றால் ஸ்பேனருக்குக்கூடப் பொட்டு உண்டு. இந்தப் பட்டறையில் பொட்டு வைப்பது ஹேமலதா மட்டும்தான். வேறு யாரையும் அவள் விடமாட்டாள்.

துடைத்து ஓட்டினாள். மரை அச்சாக விழுந்தது. அந்தத் திருகாணியைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள்.

மதியமே முள்ளிப்பட்டுக்குப் போனாள். அண்ணன் குடும்பம் முழுக்க இருந்தது.

"தப்பு என்னுதுங்க. ஓட்டைமேல பொட்டு வெச்சது நான்தான். நாலு பேர் எதிர்ல ஏசினேன், அதான் நாலு பேர் எதிர்லயே சொல்றேன்."

அன்பழகன் நெய்வதை நிறுத்தவில்லை. "மிஷின் நின்னு போச்சு, ஆள் வேணும்னு வந்தியா?"

"மிஷின் காலையிலயே சரியாயிடுச்சு. நல்லாத்தான் ஓடுது. நீங்க இல்லாம எனக்குத்தான் அங்க நிக்க முடியல."

அவன் தறியை விட்டு எழுந்தான்.